விசையும் தசையும்

விளையாட்டுத் திடலிலே ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், சுற்றி நிற்போர் உடனே ஒரு காரணம் கூறிவிடுவர். "நரம்பு பிரண்டுவிட்டது" என்பார் ஒருவர். "சதை பிடித்துவிட்டது" என்பார் மற்றொருவர். "எல்லாம் கண்ணூறு" என்று பெருமூச்செறிவார் மூன்றாமவர். இம்மூன்று விடைகளிலும் ஒரு பொதுக்குறை உண்டு. உடம்பினுள் நிகழ்ந்தது யாது என்பதை அவற்றுள் ஒன்றேனும் விளக்கவில்லை. பாரந் தாங்காத கயிறு ஏன் அறுகின்றது, பாய்ந்துவரும் வண்டி ஏன் உடனே நிற்பதில்லை என்பனவற்றை விளக்கும் அதே பௌதிக விதிகளே, ஓட்டவீரனின் தொடைத்தசை ஏன் கிழிந்தது என்பதையும் விளக்குகின்றன. உடம்பு உயிருள்ளதுதான், ஆயினும் அது விசையின் ஆட்சிக்கு விலக்கானதன்று.

இவ்வுண்மையை அறிவதனால் வரும் பயன் சிறிதன்று. பதினாறு வயதிலே முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பின்னர் வாழ்நாள் முழுவதும் படியேறும்போதெல்லாம் அதனை நினைவுகூர்வோர் பலர். அவர்களுடைய காயங்களுட் பல தவிர்க்கக்கூடியனவாக இருந்தவை. காரணம் புலப்பட்டால் காப்பும் புலப்படும்.

முதலில் மென்னிழையங்கள் எவை எனக் காண்போம். என்புக்கூட்டை நீக்கிப் பார்க்குமிடத்து உடம்பில் எஞ்சி நிற்கும் தசை, தோல், கொழுப்பு, குருதிக்கலன், நரம்பு முதலியன இப்பெயர் பெறும். இவற்றோடு இருவகைக் கட்டுகளும் உள. தசையை என்போடு பிணைப்பது தசைநாண். ஓர் என்பை மற்றோர் என்போடு பிணைத்து மூட்டைக் காப்பது இணையம். பேச்சு வழக்கிலே இவையனைத்தையும் "நரம்பு" என்றே குறிப்பிடுகிறோம். உண்மையில் நரம்பு என்பது உணர்ச்சியையும் ஏவலையும் எடுத்துச் செல்வது. பாரத்தைத் தாங்குவது அதன் தொழிலன்று. திடலில் பெரும்பாலும் கிழிவன தசையும் நாணும் இணையமுமே.

இவ்விழையங்களைத் தாக்கும் விசைகளை நான்காக வகுக்கலாம். இரு முனைகளையும் பற்றி இழுப்பது இழுவிசை. இரு பக்கமும் நெருக்கி நசிப்பது அமுக்கும் விசை. சீட்டுக்கட்டின் மேலே கையை வைத்துத் தள்ளும்போது சீட்டுகள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றனவல்லவா, அவ்வாறு ஒரு படையை மற்றொரு படைமீது வழுக்கச் செய்வது கொய்யும் விசை. ஈரத்துணியைப் பிழிவதுபோலத் திருகுவது முறுக்கும் விசை. உதைபந்தாட்ட வீரன் ஒருவன் ஓடிவந்து திடீரெனத் திரும்பும் ஒரு கணத்திலே இந்நான்கும் ஒருங்கே அவன் முழங்காலில் தொழிற்படக்கூடும்.

இனி, இழையம் விசையை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்று பார்க்கலாம். நாணுக்கும் இணையத்துக்கும் வலிமை தருவது கொலாஜன் என்னும் புரதம். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றை ஒத்தது அதன் மூலக்கூறு. அத்தகைய நுண்கயிறுகள் பல சேர்ந்து நாராகி, நார்கள் பல சேர்ந்து கற்றையாகி, கற்றைகள் பல சேர்ந்து நாணாகின்றன. தென்னந்தும்பைத் திரித்துக் கயிறாக்கி, கயிறுகளைத் திரித்து வடமாக்குவோரின் தொழில் முறையும் இதுவே. ஓய்ந்திருக்கும் நாணில் இந்நார்கள் சற்றே நெளிந்து கிடக்கும். இழுவிசை பட்டதும் முதலில் நெளிவு நிமிரும். நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்களவு நீட்சியில் இந்நிமிர்வு முடிந்துவிடும். அதன்மேல் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு வரை நாண் சுருள்வில்லைப்போல நீளும். விசை நீங்கினால் பழைய நிலைக்கு மீளும். அவ்வெல்லையைத் தாண்டினால் நுண்ணிய நார்கள் ஒவ்வொன்றாக அறத் தொடங்கும். நூற்றுக்கு எட்டு அல்லது பத்துப் பங்கு நீண்டுவிட்டால் நாண் முழுவதுமே அறுந்துபோகும். பத்துச் சதமமீற்றர் நீளமான நாணொன்றை எடுத்துக்கொண்டால், நலத்துக்கும் நாசத்துக்கும் இடையேயுள்ள தூரம் அரைச் சதமமீற்றர் அளவேயாகும்.

வைத்தியர்கள் காயத்தை மூன்று படிகளாகப் பிரிப்பதும் இவ்வுண்மையை ஒட்டியே. சில நார்கள் மட்டும் அறுந்து மூட்டு உறுதியாக இருப்பின் அது முதற்படி. பெரும்பகுதி கிழிந்து வலிமை குன்றியிருப்பின் அது இரண்டாம்படி. முற்றாக அறுந்திருப்பின் அது மூன்றாம்படி. மூன்றாம்படிக் காயத்தில் நோவு சிலவேளை இரண்டாம்படியிலும் குறைவாகத் தோன்றும். இழுபட்டு நோவதற்கு அங்கே எஞ்சிய நார் இல்லாமையே காரணம். ஆகையால் நோவின் அளவைக்கொண்டு காயத்தின் அளவைத் தீர்மானித்தல் தவறாகும்.

விசையின் அளவைத் தீர்மானிப்பதிலே காலத்துக்கும் தூரத்துக்கும் பெரும் பங்குண்டு. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தை ஏந்தும் வீரன் தன் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்கிறான். பந்தின் வேகத்தை அதிக தூரத்தில் தணித்தால் கையிற்படும் விசை குறையும் என்பதை அனுபவம் அவனுக்குக் கற்பித்திருக்கிறது. உயரப் பாய்ந்து நிலத்திற் குதிப்போனுக்கும் இதுவே விதி. 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் அரை மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறார் எனக் கொள்வோம். அவருடைய நிறை ஏறத்தாழ 600 நியூற்றன். கால்களை விறைப்பாக நீட்டிக் குதித்து, உடம்பு 5 சதமமீற்றர் தூரத்துள் ஓய்வுக்கு வருமாயின், அவருடைய கால்கள் தாங்கும் சராசரி விசை 6,600 நியூற்றன். அதாவது அவர் நிறையைப்போலப் பதினொரு மடங்கு. அதே மனிதர் கணைக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி, உடம்பை 50 சதமமீற்றர் தாழ்த்தி இறங்குவாராயின் அவ்விசை 1,200 நியூற்றனாகக் குறையும். அதாவது இரு மடங்கு மட்டுமே. உயரமும் நிலமும் மாறவில்லை. இறங்கிய முறை ஒன்றே மாறியது.

உடம்பின் மூட்டுகள் நெம்புகோல்களாகத் தொழிற்படுகின்றன என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். குதிக்காலின் பின்புறத்தே தடித்து நிற்கும் குதிநாண் உடம்பிலுள்ள நாண்கள் அனைத்திலும் பருமையும் வலிமையும் மிக்கது. அதற்கு அவ்வலிமை ஏன் தேவைப்பட்டது? ஓடுகின்றவன் முன்பாதத்தை ஊன்றி எழும்பும்போது நிலம் அவனை அவன் நிறையைப்போல இரண்டரை மடங்கு விசையோடு தள்ளுகிறது. அவ்விசை தொழிற்படும் இடம் கணைக்கால் மூட்டுக்கு முன்னே தொலைவில் உள்ளது. குதிநாணோ மூட்டுக்குப் பின்னே மிக அண்மையில் உள்ளது. முன்னைய தூரம் பின்னைய தூரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு. எனவே சமநிலை காப்பதற்கு நாண் இழுக்க வேண்டிய விசை உடல் நிறையைப்போல ஆறு முதல் எட்டு மடங்காகிறது. இரும்புப் பாரமொன்றைக் குறுகிய பிடியால் நெம்பித் தூக்க முயலும் தொழிலாளியின் நிலை இந்நாணுக்கு ஒவ்வோர் அடியிலும் வாய்க்கிறது.

சீனத்து வீரர் லியூ சியாங்கின் வரலாறு இதற்குச் சான்றாகும். 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் 110 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றவர் அவர். 2006இல் அத்தூரத்தை 12.88 செக்கன்களில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். 2008இல் தம் நாட்டின் தலைநகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கிலே, பல்லாயிரவர் பார்த்திருக்க, குதிநாண் நோவினால் ஓட்டத்தைத் தொடராது வெளியேறினார். 2012இல் இலண்டனில் முதல் தடையிலேயே இடறி வீழ்ந்தார், குதிநாண் அறுந்துபோயிற்று. ஒரு நாளில் வந்த கேடு அன்று இது. பல்லாண்டுப் பயிற்சியில் இலட்சக்கணக்கான முறை இழுபட்ட நாண், ஆறுவதற்கு வேண்டிய அவகாசம் பெறாவிடின், படிப்படியாக நலிவுறும். கடுமையான பயிற்சிக்குப் பின்னர் ஏறத்தாழ ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை நாணிற் கொலாஜன் ஆக்கத்திலும் சிதைவே மிகுந்திருக்கும் என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அதன் பின்னரே ஆக்கம் மேலோங்கி நாண் முன்னிலும் உரம் பெறுகிறது. ஓய்வு என்பது சோம்பல் அன்று. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே.

தசை கிழிவதன் காரணம் இதனினும் வேறுபட்டது. தசை என்றால் சுருங்கி இழுப்பது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் தசைக்கு மற்றொரு தொழிலும் உண்டு; அது தடையாகவும் பணியாற்றுகிறது. விரைந்து ஓடுபவன் காலை முன்னே வீசும்போது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சவுக்கின் நுனிபோல முன்னோக்கிப் பாய்கிறது. பாதம் நிலத்தைத் தொடுமுன் அதனை அடக்கி நிறுத்துவது தொடையின் பின்புறத் தசைகளின் பொறுப்பு. இடுப்பையும் முழங்காலையும் ஒருங்கே கடந்து செல்லும் இத்தசைகள், அக்கணத்தில் இரு முனைகளிலும் நீட்டப்பட்டுக்கொண்டே சுருங்க முயல்கின்றன. நீண்டுகொண்டே இழுக்கும் தசை, சுருங்கிக்கொண்டே இழுக்கும் தசையிலும் மிகுந்த விசையைப் பிறப்பிக்கும். அவ்விசையே அதற்குப் பகையாகவும் முடிகிறது. தசையும் நாணும் கூடுமிடத்திலே நார்கள் அறுகின்றன. ஓடுபவன் யாரோ பின்னாலிருந்து அடித்தாற்போல் துணுக்குற்று நிற்கிறான்.

1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் 400 மீற்றர் அரையிறுதி ஓட்டத்தின் நடுவே பிரித்தானிய வீரர் டெரெக் ரெட்மண்டுக்கு நேர்ந்தது இதுவே. தந்தையின் தோளிற் சாய்ந்தபடி அவர் எல்லையை அடைந்த காட்சி உலகோர் நெஞ்சில் நின்றது. 2017இல் இலண்டன் உலக மெய்வல்லுநர் போட்டியில், தம் இறுதி ஓட்டமாக அஞ்சலோட்டத்தின் கடைசிப் பகுதியை ஓடிய உசெயின் போல்ட்டும் தொடைத்தசை கெட்டு நடுவழியில் வீழ்ந்தார். உலகின் அதிவேக மனிதருக்கும் பௌதிக விதி சலுகை காட்டவில்லை.

அடுத்து முறுக்கும் விசையைக் கருதுவோம். 1991ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது கரப்பந்தாட்டம். இதிலே வலையருகே எழும்பிப் பந்தைத் தடுப்பவர் எதிரணியினர் ஒருவரின் பாதத்தின்மீது இறங்கிவிடுவது கணைக்கால் சுளுக்குக்கு நன்கறியப்பட்ட காரணமாகும். பாதத்தின் வெளியோரம் மட்டும் ஊன்றப்பட, முழு உடம்பின் பாரமும் அதன்மேல் இறங்க, பாதம் உட்புறமாகத் திருகுகிறது. கதவைப் பிணைச்சலுக்கு அண்மையில் தள்ளுவதிலும் ஓரத்தில் தள்ளுவது எளிது என்பதைச் சிறுவரும் அறிவர். பாதத்தின் ஓரத்திற்படும் விசை அவ்வாறே மூட்டை எளிதிற் சுழற்றிவிடுகிறது. உட்புற இணையம் அகன்று தடித்தது. வெளிப்புறத்தே உள்ளவையோ தனித்தனியான மெல்லிய கட்டுகள். அவற்றுள்ளும் வெளிமுழியிலிருந்து முன்னோக்கிச் செல்வது வலிமையிற் குறைந்தது. முதலிற் கிழிவதும் பெரும்பாலும் அதுவே.

முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் முன்சிலுவை இணையம் இதனினும் பாரதூரமான காயத்துக்கு இடமானது. இளமைப் பருவத்தில் அது ஏறத்தாழ 2,000 நியூற்றன் இழுவிசை வரை தாங்கும். வியப்புக்குரியது யாதெனில், இவ்விணையம் கிழியும் நிகழ்ச்சிகளுட் பெரும்பாலானவற்றில் எதிரணியினர் எவரும் வீரரின் முழங்காலைத் தாக்குவதில்லை என்பதே. ஓடிவந்தவர் திடீரென நிற்கிறார். அல்லது திசை திரும்புகிறார். அல்லது ஒற்றைக்காலில் இறங்குகிறார். பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, முழங்கால் சற்றே மடங்கி உட்புறமாகச் சரிய, உடம்பு வேறொரு திசையிற் சுழல்கிறது. நம் நாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் பெரிதும் பயிலப்படுகிறது. பந்தை ஏந்தியவர் ஓரிரு அடிகளுக்குள் நின்றுவிட வேண்டும் என்பது அதன் விதி. ஓட்டத்தின் உந்தம் முழுவதையும் அச்சிறு தூரத்திலே முழங்கால் தணிக்க வேண்டியிருப்பதால் ஆபத்து மிகுகிறது. திடீரென நிற்றலும் திரும்புதலும் மிகுந்த ஆட்டங்களில் இக்காயம் இளைஞரிலும் இளம் பெண்களையே கூடுதலாகத் தாக்குகிறது.

காயங்கள் நிகழ்ந்த ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளை நுணுகி ஆராய்ந்தோர், பாதம் நிலத்தைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லிசெக்கனுள் இணையம் கிழிந்துவிடுகிறது என மதிப்பிட்டுள்ளனர். கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவானது இது. ஆபத்தை மூளை உணர்ந்து தசைகளுக்கு ஏவல் அனுப்ப அதனைப்போலப் பல மடங்கு காலம் தேவைப்படும். எனவே, "கவனமாக இறங்கு" என்று அக்கணத்திற் சொல்வதாற் பயனில்லை. பாதம் நிலத்தைத் தொடுமுன்னரே தசைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்வாயத்தம் மீண்டும் மீண்டும் செய்த பயிற்சியினாலன்றி வேறெதனாலும் வாராது.

நேரடித் தாக்குதலால் வரும் காயங்களும் உள. கிரிக்கெட் பந்தின் திணிவு ஏறத்தாழ 160 கிராம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் அது வரும்போது அதன் இயக்கச் சக்தி 120 யூல் அளவாகும். 12 கிலோகிராம் கல்லொன்று ஒரு மீற்றர் உயரத்திலிருந்து வீழும்போது பெறும் சக்தி இதற்குச் சமம். இச்சக்தி சிறிய பரப்பில், மிகச் சிறிய காலத்திற் செலவிடப்படுகிறது. பந்து தொடையிற் பட்டால் தசை பந்துக்கும் தொடையென்புக்கும் இடையே நசிகிறது. மேலே தோல் கன்றாதிருப்பினும், என்பை ஒட்டிய ஆழத் தசையிலே குருதிக்கலன்கள் உடைந்து குருதி தேங்கும். தொடைக்காப்பு செய்வது இரண்டே: விசையை அகன்ற பரப்பிற் பரப்புகிறது, தாக்கும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. அவ்வளவிலேயே பெருங்காயம் சிறுகாயமாகிவிடுகிறது.

காப்பில்லாத இடம் எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதை 2014ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி சிட்னித் திடலில் நிகழ்ந்த துயரம் காட்டிற்று. அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸ், உயர்ந்தெழுந்த பந்தை அடிக்க முயன்றபோது, தலைக்கவசம் மூடாத கழுத்தின் பக்கத்தில் அது தாக்கியது. கழுத்தென்புகளின் வழியே மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்து, மூளையைச் சூழக் குருதி பரவிற்று. இரு நாட்களில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 25. அதன் பின்னர் கழுத்தைக் காக்கும் இணைப்புக்கள் தலைக்கவசங்களிற் பொருத்தப்படலாயின.

காயம் நேர்ந்தபின் செய்யவேண்டியது யாது? நம்மவர் வழக்கம் நோவெண்ணெய் பூசி அழுத்தி உருவுதல். நாட்பட்ட பிடிப்புக்கு அது இதம் தரலாம். ஆனால் அப்போதுதான் உடைந்த குருதிக்கலன்களை அழுத்தித் தேய்த்தால் குருதிக்கசிவு கூடும். நசிந்த தொடைத்தசையை வலிந்து உருவினால், தேங்கிய குருதியின் இடத்திலே என்பு வளரும் விபரீதமும் ஏற்படலாம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவுதல், சுடுநீர் ஒத்தடம், மதுபானம் மூன்றும் விலக்கத்தக்கன. ஆட்டத்தை உடனே நிறுத்தி, காயப்பட்ட இடத்தை மிதமாகச் சுற்றிக் கட்டி, இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தல் நன்று. துணியிற் சுற்றிய பனிக்கட்டி நோவைத் தணிக்கும். காயத்தை ஆற்றுவது அதன் வேலையன்று. நோவு அனுமதிக்கும் அளவுக்கு மெல்ல மெல்ல உறுப்பை அசைத்துப் பழக்குதல் வேண்டும். புதிதாக உருவாகும் கொலாஜன் நார்கள் இழுவிசை வரும் திசையிலேயே ஒழுங்காக அமைகின்றன. முற்றாக அசையாதிருந்தால் அவை ஒழுங்கின்றிச் சிக்குண்டு, வலிமையற்ற தழும்பாகிவிடும்.

கணைக்கால் சுளுக்கியவர் நான்கு அடிகளேனும் நடக்க இயலாதிருந்தால், அல்லது முழியின் பின்புறத்து என்பைத் தொடும்போது நொந்தால், என்பு முறிவு உண்டா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். காயப்பட்ட உறுப்பு இறுகி, நோவு நேரஞ்செல்லச் செல்லப் பெருகி, விரல்கள் மரத்துப்போகுமானால் அது அவசர நிலையாகும். ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

தடுப்பு முறைகள் செலவு மிக்கன அல்ல. ஒருவர் முழந்தாளிட்டு நிற்க, மற்றொருவர் அவர் குதிகால்களைப் பிடித்துக்கொள்ள, முன்னவர் உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னே சாயும் பயிற்சியொன்று உண்டு. பின்தொடைத் தசையை நீண்டுகொண்டே இழுக்கப் பழக்குவது அது. டென்மார்க் நாட்டு உதைபந்தாட்ட வீரரிடையே நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இப்பயிற்சி செய்த அணிகளிற் பின்தொடைத் தசைக் காயங்கள் மற்ற அணிகளிலும் பாதிக்கு மேற் குறைந்திருந்தன. உதைபந்தாட்டத்தின் சர்வதேச சம்மேளனமும் இருபது நிமிடத்துக்குட்பட்ட ஓர் ஆயத்தப் பயிற்சித் தொகுதியை வகுத்துள்ளது. மெதுவான ஓட்டம், ஒற்றைக்காற் சமநிலை, முழங்கால் உட்சரியாமல் குதித்து இறங்குதல் என்பன அதில் அடங்கும். இவற்றுக்கு வேண்டியன ஒரு திடலும் ஓர் ஆசிரியரும் தினந்தோறும் சிறிது நேரமும் மட்டுமே.

ஆயினும் பாடசாலைகள் பலவற்றில் மணி அடித்ததும் மாணவர் நேரே ஓடிப் பந்தை உதைக்கத் தொடங்குகின்றனர். போட்டி நெருங்கினால், நோவோடிருக்கும் பிள்ளையையும் காலைக் கட்டிக்கொண்டு ஆடச் சொல்வோர் உளர். பாதி ஆறிய இணையம் முழு விசையைத் தாங்காது. ஒருமுறை கிழிந்த இடமே மறுமுறையும் கிழியும். ஓர் ஆட்டத்தின் வெற்றிக்காக ஒரு பிள்ளையின் முழங்காலைப் பணயம் வைப்பதற்கு ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ உரிமை இல்லை. நாளை மாலை மணி அடிக்கும்போது, பந்தை எடுத்துக் கொடுக்குமுன், முதல் இருபது நிமிடத்தை இப்பயிற்சிக்கு ஒதுக்குவாராயின், அவ்வாசிரியர் தம் மாணவருட் பலரைக் காயத்திலிருந்து காத்தவராவார்.